தைப்பிங் ஏரிக்கு நாற்பது பேர்: மழைக்கு முன் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்

பினாங்கு ஆயர் ஈத்தாமில் உள்ள உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மகளிர் குழு, மொத்தம் நாற்பது பேர், பள்ளி விடுமுறையில் ஒரு நாள் ஏரிப்பக்கம் போய்வர வேண்டும். காலையில் புறப்பட்டு இரவுச் சாப்பாட்டுக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். எழுபதைத் தாண்டியவர்கள் ஏழு பேர், பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஒன்பது பேர். எப்படி ஏற்பாடு செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களே ஒரு திட்டமும் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள்: காலையில் பேராக் மாநிலத்துப் புக்கிட் மேரா ஏரி, பிறகு அங்கேயே தைப்பிங் ஏரிப் பூங்கா, மிருகக்காட்சிசாலை, பேராக் அரும்பொருளகம், மேக்ஸ்வெல் மலை, மாலையில் கோலா செப்பேத்தாங்கில் மீன் சாப்பாடு.

படித்ததும் சிரித்தேன். என்னுடைய முதல் பயணத் திட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. கோவில் குழு, முன்னாள் மாணவர் குழு, ஓய்வுபெற்றோர் குழு என்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கூட்டம் கூட்டமாக ஆட்களை ஏற்றி இறக்கியவன் என்ற முறையில் ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். நாற்பது பேர் பஸ்ஸை விட்டு இறங்கி ஓரிடத்தில் கூடக் கால் மணி நேரம். மறுபடி ஏற இருபது நிமிடம். பாட்டிகள், பிள்ளைகள், கழிப்பறை, செருப்பைக் காணோம் என்பதெல்லாம் சேர்ந்து. ஆக, ஓர் இடத்துக்கு முப்பத்தைந்து நிமிடம். ஆறு இடம் என்றால் மூன்றரை மணி நேரம் பஸ் படிக்கட்டிலேயே போய்விடும். அதற்கு ஏரி எதற்கு? உங்கள் புளோக்கின் மின்தூக்கி முன்னால் நின்றாலே போதும்.

ஆறில் ஒன்றை எடுங்கள். தைப்பிங் ஏரிப் பூங்கா. மீதி ஐந்தில் ஒன்றை, விரும்புகிறவர்கள் மட்டும் பிரிந்து போய்ப் பார்க்கட்டும். மற்றவர்கள் கரையிலேயே உட்கார்ந்திருக்கட்டும்.

ஏன் தைப்பிங்? பினாங்கிலேயே தண்ணீர் இருக்கிறதே என்று யாராவது கேட்பார்கள். இருக்கிறது. உங்கள் வீட்டுக்குப் பின்னால் 1962-இல் கட்டிய ஆயர் ஈத்தாம் அணை, தீவின் மறுபக்கம் தெலுக் பஹாங் அணை. இரண்டும் காலை நடைக்கு நல்லவை. ஆனால் அணை என்பது அணைதான். நாற்பது பேர் நிழலில் பாய் விரித்துச் சாப்பிட அங்கே வசதி போதாது. கேமரன் மலை ஒரே நாளில் போய்வரக்கூடியதன்று, போய்வந்தோம் என்று சொல்கிறவர்கள் வளைவுகளை எண்ணிக்கொண்டு போய்வந்தவர்கள். தைப்பிங் அப்படியில்லை. பட்டர்வொர்த்திலிருந்து வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர். பினாங்குப் பாலத்தில் நெரிசல் இல்லாத காலை என்றால் ஆயர் ஈத்தாமிலிருந்து ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் போய் இறங்கலாம்.

அந்த ஏரிகள் இயற்கையாக உண்டானவை அல்ல. ஈயம் தோண்டிக் கைவிட்ட குழிகள். தைப்பிங் இருக்கும் லாருட் வட்டாரத்து ஈயத்துக்காக கீ ஹின், ஹாய் சான் என்ற இரண்டு சீனக் கூட்டத்தார் 1861 முதல் வெட்டிக்கொண்டார்கள். 1874-இல் பங்கோர் ஒப்பந்தம் வந்து சண்டை ஓய்ந்த பிறகுதான் ஊருக்குத் தைப்பிங் என்று பேர் வைத்தார்கள். சீனத்தில் அமைதி என்று பொருள். 1880-இல் அந்தக் குழிகளை ஏரிகளாக்கி, புல் வளர்த்து, மரம் நட்டுப் பூங்காவாக்கினார்கள். மலாயாவின் முதல் பொதுப்பூங்கா அதுதான். இன்று அறுபது ஹெக்டேருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. இதைப் பஸ்ஸில் ஒலிவாங்கியில் சொல்லுங்கள், இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நான் ஒருமுறை லாருட் போரை நிபோங் திபாலில் தொடங்கி கமுந்திங் வரை விவரித்தேன். திரும்பிப் பார்த்தால் ஓட்டுநரைத் தவிர எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

பூங்காவில் பார்க்க வேண்டியது மரம். தண்ணீரையொட்டிய சாலையில் நூறாண்டைக் கடந்த தூங்குமூஞ்சி மரங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் கிளையும் சாலைக்கு மேலே நீண்டு, தடுப்புக் கம்பியைத் தாண்டி, தண்ணீரைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. ஒரு கிளையின் பருமன் நம் வீட்டுத் தூண் அளவு இருக்கும். பட்டையின் மேல் பாசியும் பறவைக்கூட்டுப் பெரணியும் குடியேறியிருக்கும். கிளை ஒடிந்து விழும் ஆபத்து கருதி அந்தச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். இப்போது நடப்பவர்களுக்கு மட்டும். சக்கர நாற்காலியும் பிள்ளைகளின் தள்ளுவண்டியும் தடையில்லாமல் உருளும். உங்கள் ஏழு பாட்டிகளுக்காக நான் தைப்பிங்கைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம் அந்தச் சமதளச் சாலைதான்.

அந்த மரத்துக்கு மலாயில் 'பூக்கோல் லீமா' என்று ஒரு பேர் உண்டு, ஐந்து மணி என்று அர்த்தம். மாலையானால் இலையை மடித்துக்கொள்ளும். வானம் இருட்டிக்கொண்டு வந்தாலும் மடித்துக்கொள்ளும். நாம் தூங்குமூஞ்சி என்று திட்டுவதுபோல் பேர் வைத்திருக்கிறோம், அவர்கள் கடிகாரம் பார்த்துப் பேர் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிட்டு, "இலை மடிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள், மடிந்தால் ஓடிவந்து சொல்லுங்கள்" என்று ஒன்பது பேரையும் காவலுக்கு வையுங்கள். விளையாட்டாகவும் இருக்கும், உங்களுக்கு வானிலை அறிக்கையாகவும் இருக்கும்.

மழையைச் சொல்லாமல் தைப்பிங்கைப் பற்றிப் பேச முடியாது. தீபகற்ப மலேசியாவில் அதிகம் மழை பெய்யும் ஊர் அது. ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர். மலாக்கா நீரிணையிலிருந்து வரும் ஈரக்காற்று பிந்தாங் மலைத்தொடரில் போய் முட்டி, மேலே ஏறி, குளிர்ந்து, அப்படியே ஊரின் தலையில் இறங்கிவிடுகிறது. ஏரிக்கரையில் நின்று கிழக்கே பார்த்தால் அந்த மலை சுவர்போல நிற்பது தெரியும். காலை பத்து மணிக்கு உச்சி வரை தெளிவாகத் தெரியும். பன்னிரண்டுக்கு இடுப்பில் ஒரு வெள்ளைத் துண்டு. இரண்டு மணிக்குத் தலை காணாமல் போகும். அதற்குமேல் உங்களிடம் ஒரு மணி நேரம் இருக்கிறது, சில நாள் அதுவும் இருக்காது. அந்தக் காலத்தில் காப்பிக்கடையில் உட்கார்ந்து இன்று மழை எத்தனை மணிக்கு வரும் என்று பந்தயம் கட்டுவார்களாம். மழை வருமா வராதா என்று கட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

நான் முதல்முறை கூட்டிப்போன குழு இரண்டேகால் மணிக்குத்தான் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தது. காலையிலேயே இரண்டு இடம் சுற்றிவிட்டு வந்ததில் நேரமாகிவிட்டது. தார்ப்பாய் விரித்து, இலை போட்டு, சாதம் பரிமாறி, அப்பளம் வைத்த நேரத்தில் முதல் துளி அப்பளத்தின் மேல் விழுந்தது. 'டப்' என்று அது விழுந்த சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் சாம்பார் ரசமானது, ரசம் குளமானது. முப்பத்தெட்டு பேர் ஒரு சின்னக் கூரையின் கீழ் இலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றோம். இன்றுவரை அந்தக் குழுவில் யாரைச் சந்தித்தாலும் ஏரி எப்படி இருந்தது என்று சொல்வதில்லை, அந்த அப்பளத்தைப் பற்றித்தான் சொல்கிறார்கள்.

எனவே பயண நாளை மழையிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு போங்கள். மூன்று மணிக்குப் பஸ்ஸில் இருக்க வேண்டும். அப்படியானால் பன்னிரண்டுக்குச் சாப்பாடு, ஒன்பதரைக்குள் பூங்காவில் கால் வைக்க வேண்டும், வழியில் பசியாற அரை மணி நேரம் போக, ஆயர் ஈத்தாமிலிருந்து ஏழு மணிக்குப் பஸ் நகர வேண்டும். குழுவினரிடம் ஆறரை என்று சொல்லுங்கள். ஏழு என்று சொன்னால் ஏழரை ஆகும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் ஏப்ரலையும் அக்டோபர், நவம்பரையும் தவிர்த்துவிடுங்கள். ஆண்டின் நடுவில் வரும் விடுமுறை பரவாயில்லை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். வீட்டில் சமைத்து எடுத்துப் போவதா, கடையில் சாப்பிடுவதா என்று உங்கள் குழுவில் சண்டை வரும். பகல் உணவு வீட்டிலிருந்து போகட்டும். நாற்பது பேர் ஒரே நேரத்தில் ஒரு கடைக்குள் நுழைந்தால் கடைசி ஆளுக்குத் தட்டு வருவதற்குள் முதல் ஆளுக்கு மறுபடி பசித்துவிடும். எதைச் சமைப்பது என்பதில் கண்டிப்பாக இருங்கள். விடியற்காலை நான்கு மணிக்கு ஆக்கியது பன்னிரண்டுக்குச் சாப்பிடும்போது கெடாமல் இருக்க வேண்டும், அதுவும் பஸ்ஸின் அடிவயிற்றில் வெக்கையில் கிடந்து. தேங்காய்ப்பால் சேர்ந்த எதுவும் வேண்டாம். நாசி லெமாக் ஆசையாக இருந்தால் காலையில் பசியாறும்போதே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். தேங்காய்ச் சட்னியும் வேண்டாம். புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம், நன்றாக வதக்கிய நெத்திலிச் சம்பல், உருளைக்கிழங்கு வறுவல், ஊறுகாய். சாதத்தை ஆற வைத்த பிறகே கட்டுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்த தண்ணீர் உள்ளே சொட்டி அதுவே கெடுத்துவிடும். பெரிய பாத்திரத்துக்குப் பதிலாக ஆளுக்கொரு பொட்டலம், வாழை இலையில். பரிமாறும் வேலை இல்லை, மழை வந்தாலும் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு ஓடலாம். மேற்சொன்ன அப்பளத்துக்குப் பிறகு நான் கற்றுக்கொண்டது இது.

குரங்குகள் உண்டு. நெகிழிப் பை சலசலத்தால் இறங்கி வரும். உணவைத் துணிப் பையில் வையுங்கள், பிள்ளைகள் கையில் ரொட்டியோடு தனியாகத் திரியக் கூடாது, யாரும் ஊட்டி விளையாடக் கூடாது. இதைச் சொல்லியும் ஒருவர் ஊட்டுவார். அவர் பெரும்பாலும் பிள்ளையாக இருக்க மாட்டார்.

சாப்பாடு முடிந்ததும் ஒரு மணி நேரம் கூட்டம் பிரியலாம். பிள்ளைகளுக்கு மிருகக்காட்சிசாலை. 1961-இல் தொடங்கியது, பூங்காவை ஒட்டியே இருக்கிறது, ஆனால் ஒரு மணி நேரத்தில் முழுவதும் பார்க்க முடியாது; பாதி போதும் என்று முன்பே சொல்லி அழைத்துப் போங்கள். பேராக் அரும்பொருளகம் 1883-இல் அமைந்தது, நாட்டிலேயே பழையது. திறந்திருக்கிறதா என்று முந்தின வாரமே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். மேக்ஸ்வெல் மலையை, அதாவது இப்போதைய புக்கிட் லாருட்டை, மறந்துவிடுங்கள். தனியார் வண்டி ஏற அனுமதி இல்லை, மண்சரிவால் பாதை மூடிக் கிடந்த காலமும் உண்டு. நாற்பது பேருக்கு அது சரிவராது. கோலா செப்பேத்தாங்கின் மீன் சாப்பாடு தனியாக ஒரு பயணத்துக்கு உரியது. ஆனால் பஸ்ஸில் அதன் பழைய பேரைச் சொல்லலாம்: போர்ட் வெல்ட். 1885 ஜூன் 1-ஆம் தேதி மலாயாவின் முதல் ரயில் ஓடியது தைப்பிங்கிலிருந்து அங்கேதான். தண்டவாளம் போடுவதற்கு இலங்கையிலிருந்து ஆட்களை வரவழைத்தார்கள்.

நான் ஒவ்வொரு முறையும் கூட்டிப்போகும் இடம் உங்கள் பட்டியலில் இல்லை. ஏரியிலிருந்து மலையடிவாரம் நோக்கிப் போகும் சாலையில், போர்க் கல்லறைத் தோட்டம். 850-க்கும் மேற்பட்ட கல்லறைகள். பாதிக்கு மேல் பேர் தெரியாதவை. சாலையின் ஒரு பக்கம் கிறிஸ்தவர்களுக்கு, மறுபக்கம் இந்து, இஸ்லாமிய, சீக்கிய, கூர்க்கா வீரர்களுக்கு. 1941 டிசம்பரில் ஜப்பானியர் வடக்கிலிருந்து இறங்கியபோது எதிர்த்து நின்ற படைகளில் பெரும்பகுதி இந்தியப் படை. அதில் மடிந்தவர்கள் இங்கே கிடக்கிறார்கள். ஒருமுறை எங்களோடு வந்த ஒரு பாட்டி, சுங்குரும்பை ஊர்க்காரர், வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தார். பேர் இல்லாத கல் முன்னால் நின்று, "பேர் தெரியாத பிள்ளைக்கு யார் திதி கொடுப்பார்கள்?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அந்தக் கல்லின் அடியில் கொஞ்சம் ஊற்றிவிட்டு வந்தார். இருபது நிமிடம் போதும். சத்தம் போடும் பிள்ளைகளை ஏரிக்கரையிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

பஸ்ஸா ரயிலா என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் கூட்டத்துக்குப் பஸ். நாற்பத்து நான்கு இருக்கை வண்டி ஒன்று. வாடகை பேசும்போது விலையை மட்டும் பேசாதீர்கள். அந்த ஓட்டுநர் முந்தைய இரவு வேறு பயணம் ஓட்டிவிட்டு வருகிறாரா என்று கேளுங்கள். பதில் இழுத்தால் வேறு வண்டி பாருங்கள். 2025 ஜூலை 1 முதல் சுற்றுலா பஸ்களில் இருக்கை வார் அணிவது கட்டாயமாகிவிட்டது. வார் இருக்கிறதா, பூட்டுகிறதா என்று பணம் கொடுக்கும் முன் போய் நாலைந்து இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். எனக்கு ஒருமுறை படத்தில் காட்டிய பஸ் ஒன்று, வந்து நின்ற பஸ் வேறொன்று. குளிர்சாதனம் பின்வரிசைக்கு எட்டவே இல்லை. அதிலிருந்து ஒப்பந்தத்தில் வண்டியின் பதிவு எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டர்வொர்த்திலிருந்து கொமுட்டர் ஏறினால் புக்கிட் மெர்தாஜாம், நிபோங் திபால், பாரிட் புந்தார், பாகான் செராய் என்று போகும். அந்த நிலப்பரப்பு முழுவதும் ரப்பருக்கு முன்னால் கரும்பு விளைந்த மண். கலிடோனியா, பைராம் என்று பெரியவர்கள் சொல்லும் தோட்டங்களில் நம் ஆட்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்து வெட்டியது முதலில் கரும்புதான். பாகான் செராயைத் தாண்டியதும் ரயில் புக்கிட் மேரா ஏரியின் நடுவே புகுந்து போகிறது. இரு சன்னலிலும் தண்ணீர். கிரியான் வயல்களுக்குப் பாசனம் தர 1906-இல் கட்டி முடித்த நீர்த்தேக்கம் அது. நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி கிடைக்காது. எனவே உங்கள் பட்டியலில் இருந்த புக்கிட் மேராவை இப்படிப் பார்க்கலாம்: பதின்ம வயதுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரைப் பொறுப்பான இருவரோடு ரயிலில் அனுப்பிவிடுங்கள், தைப்பிங் நிலையத்தில் பஸ் போய் அவர்களை ஏற்றிக்கொள்ளட்டும். நான் அப்படிச் செய்தபோது, ரயிலில் போனவர்கள் வந்து சொன்னதைக் கேட்டு, பஸ்ஸில் வந்த மாமி ஒருவர் திரும்பும்போது தன்னையும் ரயிலில் ஏற்றிவிடச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தார்.

பணம்: நான் கடைசியாக ஏற்பாடு செய்தபோது ஆளுக்கு 45 வெள்ளி, பிள்ளைகளுக்குப் பாதி. பஸ் வாடகையை வந்தவர்களால் வகுக்காதீர்கள், பேர் கொடுத்தவர்களால் வகுத்து முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். முதல் நாள் இரவு நான்கு பேர் காய்ச்சல் என்பார்கள்.

ஆள் எண்ணுவது எப்படி என்பதை நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். 'எல்லாரும் வந்தாச்சா' என்று பஸ்ஸில் நின்று கத்தினால் வராதவர் பதில் சொல்ல மாட்டார். ஒருமுறை நாற்பது தலை எண்ணிச் சரியாக இருக்கிறது என்று புறப்பட்டு, கமுந்திங் சுங்கச்சாவடிக்கு முன்னால்தான் தெரிந்தது, எண்ணிய நாற்பதில் ஒன்று ஓட்டுநரின் உதவியாளர். கழிப்பறைக்குப் போன அத்தை பூங்கா வாசலில் நாற்பது நிமிடம் நின்றிருந்தார். இப்போது ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஐந்துக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கிவிடுகிறேன். அந்த எட்டு பேர் கை தூக்கினால்தான் கதவு மூடும். முதியவர் ஒவ்வொருவருக்கும் அதே ஐவரில் ஓர் இளையவர் துணை. மருந்துப் பையும் குடிதண்ணீரும் அந்தத் துணையிடம்.

மூன்று மணிக்குப் புறப்பட்டதும் நேராக வீட்டுக்கு வர வேண்டாம். ஊருக்குள் செண்டோல் கடையில் முக்கால் மணி நேரம் நிறுத்துங்கள். வெளியே மழை கொட்டட்டும், உள்ளே வெல்லப் பாகும் ஐஸும் இனிக்கட்டும். தைப்பிங்கில் மழையில் நனையாமல் மழையைப் பார்க்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மாலை என்றால் திரும்பும் வழியில் ஜூருவில் நெரிசல் நிச்சயம். எட்டு மணிக்கு வீடு என்று சொல்லி வையுங்கள், ஏழுக்குப் போய்ச் சேர்ந்தால் வாழ்த்துவார்கள்.

பஸ்ஸின் அடியில் ஒரு மூட்டை பழைய துண்டுகள் இருக்கட்டும், ஆளுக்கு ஒன்று. நீங்கள் எவ்வளவு கணக்குப் போட்டாலும் இலை மடிவதைப் பார்க்கப் போன பிள்ளைகள் நனைந்துதான் வருவார்கள். பெரிய வெந்நீர்க் குடுவை ஒன்றில் இஞ்சித் தேநீர் வைத்திருங்கள். முதல் கோப்பையை ஓட்டுநருக்குக் கொடுங்கள், நாற்பது பேரும் தூங்கும்போது விழித்திருக்கப் போகிறவர் அவர் ஒருவர்தான்.